அந்தப் புள்ள – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொன்ன ஸ்வீடன் வேம்பயர் படத்தை (லோத் தென் ரெத்தெ கொம்மா இன், 2008) தேடிப்பிடித்துப் பார்த்தேன். சப்டைட்டில் படிப்பதா படம் பார்ப்பதா என்ற அவஸ்தையே வேண்டாம் என்று ஆங்கில டப்பிங்கில் போட்டேன். மெதுவாகப் போனதால் 1.5 வேகத்தில். ஏமாற்றம்தான். அந்த வேம்பயர் பெண் நன்றாக நடித்திருக்கிறாள், ஆனால் பயமே வரவில்லை. ஓரிடத்தில் அரை நொடி ஏதோ தழும்பு போலக் காட்டினார்கள், அதுவும் புரியவில்லை. 2010இல் வந்த அமெரிக்க ரீமேக் இதைவிட விறுவிறுப்பு என்கிறான் நண்பன். உண்மையா? வேறு நல்ல அயல்மொழி வேம்பயர் படங்கள் ஐந்து சொல்லுங்கள். என் பத்து வயது மகனும் பேய்ப்படம் கேட்கிறான், அவனுக்கு எது சரிப்படும்?

கே.

அன்புள்ள கே.,

டப்பிங்கில், அதுவும் ஒன்றரை வேகத்தில் ஓட்டிவிட்டு "ஏமாற்றம்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். டிகாக்‌ஷனைக் கொட்டிவிட்டுப் பாலை மட்டும் குடித்தவர் காபி சரியில்லை என்று சொல்வதைப்போல இருக்கிறது. ஆனால் உங்கள்மேல் கோபம் இல்லை. நான் சொன்ன ஒரு வரியை நம்பிப் படத்தைத் தேடி அலைந்திருக்கிறீர்கள். அதற்காகவே நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

இன்னொரு காரணம், நீங்கள் எழுதிய "வேம்பயர் பெண்". அவள் பெண் என்று உங்களுக்கு யார் சொன்னது?

படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பார்த்தவர்களுக்கு: அந்த அரைநொடித் தழும்புதான் விடை. யூன் அய்விதே லிண்ட்க்விஸ்ட் 2004இல் எழுதிய நாவலில் எலி என்ற அந்த வேம்பயரின் உண்மைப்பெயர் எலியாஸ். சுமார் இருநூறு வருடங்களுக்கு முன் விதையடிக்கப்பட்ட ஒரு சிறுவன். படத்துக்குத் திரைக்கதை எழுதியதும் அவரேதான். இயக்குநர் தோமாஸ் ஆல்ஃப்ரெட்சன் அந்தக் கதையை முழுக்க எடுத்துவிட்டு ஒரு தழும்பை மட்டும் மிச்சம் வைத்தார். மற்றதையெல்லாம் வசனமும் குரலும் சுமக்கின்றன. எலியாக நடித்தது லீனா லியாண்டர்சன். நாம் கேட்பதோ எலிஃப் ஜெய்லான் என்ற வேறொருவரின் குரல். பையனா பெண்ணா, சின்னதா பெரிசா என்று உறுதியாகச் சொல்லமுடியாத, சற்றுக் கட்டையான குரல் வேண்டுமென்று இயக்குநர் மாற்றியது அது. "அப்படியானால் மூலமே டப்பிங்தானே" என்று நீங்கள் மடக்கலாம். ஆமாம், டப்பிங்தான். ஒரு முகத்துக்கு ஒரு குரலைத் தேடித்தேடிப் பொருத்திய டப்பிங். ஆங்கில டப்பிங்கில் முதலில் காணாமல் போவது அந்தக் குரல். எலி சாதாரணச் சிறுமியாகிவிடுகிறது, உங்கள் கடிதத்தில் ஆனதைப்போல.

ரீமேக் மோசமான படமில்லை. அவ்வளவுதான் அதைப்பற்றி.

சப்டைட்டிலுக்கு வருகிறேன், கொஞ்ச நாளாகவே மனதில் கிடந்து உருளும் விஷயம் இது. "படிப்பதா பார்ப்பதா" என்ற கேள்விக்கு ஒரு தொழில்கணக்கு உண்டு. நல்ல சப்டைட்டிலில் ஒரு தடவைக்கு இரண்டு வரிக்குமேல் வராது. வரிக்கு 37லிருந்து 42 எழுத்து. இரண்டு வரியும் நிறைந்திருந்தால் சுமார் ஆறு நொடி திரையில் நிற்கவேண்டும். ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரு நொடியாவது நிற்கவேண்டும், இல்லாவிட்டால் கண் அதைப் பிடிக்காது. இந்தக் கணக்கில் எழுதினால் படித்துமுடித்து முகத்தைப் பார்க்க நேரம் மிஞ்சும். நீங்கள் ஒன்றரை வேகத்தில் ஓட்டினால் ஆறு நொடி நாலு நொடியாகிவிடும், அந்த மிச்சம் போய்விடும். இந்தப் படத்தில் அந்த மிச்சத்தில்தான் எல்லாம் நடக்கிறது. பனியில் இரண்டு பிள்ளைகள் பேசாமல் நிற்பதை ஒன்றரை மடங்காக்கினால் பேருந்துக்குக் காத்திருப்பதைப்போலத்தான் தெரியும்.

கெட்ட சப்டைட்டில் என்ன செய்யும் என்பதற்கும் இந்தப் படமே பாடம். 2009இல் அமெரிக்காவில் வட்டு வெளியானபோது, தியேட்டரில் காட்டிய சப்டைட்டிலை விட்டுவிட்டு வேறொன்றைப் போட்டார்கள். வசனங்கள் சுருங்கி, நகைச்சுவையும் தயக்கமும் உதிர்ந்து, எல்லாரும் தந்தி அடிப்பதைப்போலப் பேசினார்கள். தியேட்டரில் பார்த்திருந்தவர்கள் வரிக்குவரி ஒப்பிட்டுக் கூச்சல் போட்ட பிறகு, அடுத்த அச்சில் பழையதைச் சேர்த்தார்கள். திருத்திய வட்டின் பின்னட்டையில் ஆங்கில சப்டைட்டிலுக்குப் பக்கத்தில் 'தியேட்ரிக்கல்' என்று அச்சிட்டிருக்கும். பழைய வட்டு வாங்குகிறவர்கள் அந்த ஒரு சொல்லைத் தேடுங்கள்.

தனியாக எஸ்ஆர்டி கோப்பு (சப்டைட்டில் மட்டும் உள்ள கோப்பு) சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு வரும் தொல்லை வேறு: வசனத்துக்கும் எழுத்துக்கும் பொருந்தாது. எல்லாரும் உடனே விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளை அடித்து நகர்த்துகிறார்கள் (ஜி முன்னால் இழுக்கும், எச் பின்னால் தள்ளும், ஒரு அடிக்கு 50 மில்லிநொடி). அதற்குமுன் இரண்டே இடங்களைப் பாருங்கள், முதல் வசனம், கடைசி வசனம். இரண்டிலும் ஒரே அளவு பிசகு என்றால் விசையே போதும். முதலில் சரியாக இருந்து போகப்போக விலகினால் ஃபிரேம் கணக்கு (நொடிக்கு எத்தனை படச்சட்டம் என்பது) வேறு. ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கும் டிவிடி வட்டுக்கும் நொடிக்கு 25 ஃபிரேமாக ஓட்டுவார்கள், சினிமா 24 (கோப்பில் பெரும்பாலும் 23.976). ஏறக்குறைய 114 நிமிடப் படம் அங்கே சுமார் 109 நிமிடமாகிவிடும். அதற்கு எழுதிய கோப்பை 24 ஃபிரேம் பிரதிக்குப் போட்டால் பத்து நிமிடத்துக்கு 25 நொடி கணக்கில் பிசகும், விசையடித்து மாளாது. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை 25லிருந்து 23.976க்கு மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது. நடுவில் திடீரென்று தாவினால் அது வேறு வெட்டுக்கு எழுதியது. அதோடு மல்லுக்கட்டாமல் வேறு கோப்பைத் தேடுங்கள். யாருமே பேசாத இடத்தில் எழுத்து வந்தால், அது டப்பிங் வசனத்தைப் பார்த்து எழுதியது. அதை அப்போதே அழித்துவிடுங்கள்.

இதெல்லாம் ஆங்கிலத்துக்கு. எனக்குள்ள ஆசை, இந்தப் படத்துக்குத் தமிழில் எழுதிப்பார்க்க வேண்டும் என்பது. எழுத உட்கார்ந்தால் முதல் வேலையிலேயே, அதாவது தலைப்பிலேயே, முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'லெட் தி ரைட் ஒன் இன்', அந்த 'ரைட் ஒன்' யாராகவும் இருக்கலாம். ஸ்வீடிஷ் மூலத்தில் 'தென் ரெத்தெ'. அந்த எகரத்தில் முடியும் வடிவம் ஆணைக் குறிப்பது. பெண்ணென்றால் 'ரெத்தா' என்று வந்திருக்கும். திருமணத்துக்குச் 'சரியானவன்' வரட்டும் என்று காத்திருப்பதையும் ஸ்வீடிஷில் இதே சொல்லால்தான் சொல்வார்கள், ஆகவே காதில் அது தைக்காது. ஆனால் விடை தலைப்பிலேயே கிடக்கிறது. ஆங்கிலத்தில் இதைச் செய்யமுடியாது. தமிழில் முடியும்: சரியானவனை உள்ளே விடு. எல்லாரும் உள்ளே விடுகிறவன் பையன் என்பதால் இப்படி வைத்தார்கள்போல என்று நினைத்துக்கொண்டு தாண்டிப்போவார்கள். அதுதான் வேண்டும்.

அடுத்து வினைமுற்று. எலியும் பக்கத்துவீட்டுப் பையன் ஆஸ்கரும் பேசிக்கொள்ளும்வரை சிக்கலில்லை, நான், நீ இரண்டுக்கும் தமிழில் பால் கிடையாது. "நான் பொண்ணா இல்லாட்டியும் என்னைப் பிடிக்குமா?" என்று எலி கேட்பதை அப்படியே எழுதலாம். எலியைப்பற்றி மற்றவர்கள் பேசும்போதுதான் வந்தாளா, வந்தானா என்று மொழி கழுத்தைப் பிடிக்கிறது. 'வந்தார்' என்று தப்பிக்கப் பார்த்தால் பன்னிரண்டு வயதுக்கு மரியாதை ஏன் என்ற கேள்வி வரும். ஸ்வீடன்காரர்கள் 'ஹென்' என்று இருபாலுக்கும் பொதுவான ஒரு சொல்லை 2015இல் அகராதியில் ஏற்றினார்கள், கதையோ 1982இல் ஸ்டாக்ஹோமின் ப்ளாக்கெபெரி குடியிருப்பில் நடக்கிறது. காலப்பிழை.

நம்மிடம் இதற்கு எப்போதோ மருந்து இருக்கிறது. "அந்தப் புள்ள வந்துச்சு." வீட்டில் எல்லாரும் சொல்வது. பாலும் தெரியாது, திணையும் தெரியாது. குழந்தைக்கும் அதே வினை, மனிதரல்லாத ஒன்றுக்கும் அதே வினை. கொலையைப் பார்த்த ஒரு குடிகாரர் "ஒரு புள்ள, மேல பாய்ஞ்சுது" என்று சொன்னால், கேட்கிறவர்களுக்குக் குழந்தை, நமக்கு மிருகம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், உயர்திணையாக இருந்தும் அஃறிணைபோல முடிகிற சொற்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. "மகவே குழவி" அதில் வரும். இளமையும் மூப்பும் அதே பட்டியலில் வரும், விருந்தும் வரும். பன்னிரண்டு வயதில் கிழமாகி, அழைக்காமல் வாசல் தாண்டாத ஒரு விருந்தாளிக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்? (இதற்காகத்தான் தொல்காப்பியர் எழுதினார் என்று நான் சொன்னதாக யாரும் கடிதம் போடவேண்டாம்.)

மூன்றாவது, நீயா நீங்களா. 1960களின் கடைசியில் ஸ்வீடனில் மரியாதைப் பன்மையைக் கைவிட்டு எல்லாரையும் 'தூ' என்று ஒருமையில் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். எலியோடு வாழ்ந்து அதற்காக ஆள் கொன்று ரத்தம் கொண்டுவரும் கிழவர் ஹோகனும் 'தூ' என்கிறார். தமிழில் அவர் எலியை 'நீ' என்றால் அப்பாவாகத் தெரிவார், 'நீங்க' என்றால் அடிமை என்பது பத்தாவது நிமிடமே விளங்கிவிடும். அவர் எலியிடம் கெஞ்சுவது ஒன்றே ஒன்றுதான். அதை இப்படி எழுதலாம்: "இன்னைக்கு மட்டும் அந்தப் பையனைப் பாக்காம இருக்க முடியுமா?" நீயும் இல்லை, நீங்களும் இல்லை. தமிழ் வாக்கியத்துக்கு எழுவாயே தேவையில்லை. நம் சப்டைட்டில்காரர்கள் ஆங்கில 'யூ'வைக் கண்டதும் ஒரு 'நீ'யைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். அந்தப் பழக்கம் ஒழிந்தாலே பாதி அழகு வந்துவிடும்.

அழைப்புக் காட்சியும் அப்படித்தான். அழைக்காமல் வந்தால் என்ன ஆகும் என்று ஆஸ்கர் விளையாட்டாகச் சோதிக்கிறான். எலி உள்ளே வந்து நிற்கிறது, உடம்பெல்லாம் ரத்தம் கசிகிறது. பதறிப்போய் அவன் கத்துவது அனுமதி, கட்டளை அல்ல. ஸ்வீடிஷில் அனுமதிக்கென்றே 'ஃபோர்' என்ற துணைவினை இருக்கிறது. "உள்ளே வா" என்று எழுதினால் தப்பு, எலி ஏற்கெனவே உள்ளேதான் நிற்கிறது. "வரலாம்! நீ உள்ள வரலாம்!" நம் 'லாம்' அதற்கென்றே செய்தது.

செய்யப்போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பேச்சுத்தமிழில் எழுதுங்கள். 'வந்துகொண்டிருக்கிறது' 11 எழுத்து, 'வருது' 3. மென்பொருள் காட்டும் எழுத்துக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள், அது புள்ளியையும் கொம்பையும் தனித்தனியே எண்ணும், 'கொடு' அதற்கு நாலு. கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக்குறியீட்டு முறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் திரை முழுக்கக் கேள்விக்குறி. இன்னொன்று, நம் மொழியில் 'இல்லை', 'மாட்டேன்' எல்லாம் கடைசியில் வருபவை. ஒரு வாக்கியத்தை இரண்டு தடவையாக உடைத்தால் "உன்னைக் கொல்லுவேன்னு" என்பது தனியே நின்று பயமுறுத்திவிட்டு, "நினைக்காதே" பிறகு வரும். முழு வாக்கியம் ஒரே தடவையில் அடங்கும்படி சுருக்குங்கள்.

ஓரிடத்தில் ஒன்றுமே எழுதக்கூடாது. கடைசி ரயில் காட்சியில் எலி ஒளிந்திருக்கும் பெட்டிக்கும் பையனுக்கும் நடுவே நடக்கும் தட்டல். சுவருக்கு அப்பாலிருந்து பேசிக்கொள்ள இருவரும் பழகிய மோர்ஸ் என்ற தந்திக் குறியீடு அது. தட்டப்படும் சொல் 'புஸ்', ஸ்வீடிஷில் சின்ன முத்தம். புள்ளி கோடு கோடு புள்ளி, புள்ளி புள்ளி கோடு, பிறகு மூன்று புள்ளி, இன்னொரு மூன்று புள்ளி. கீழே 'முத்தம்' என்று அச்சடிக்கிறவனைத்தான் வேம்பயர் கடிக்கவேண்டும்.

நீங்கள் ஐந்து படம் கேட்டிருந்தீர்கள். இரண்டு போதும்: கார்ல் தியோடோர் ட்ரெயரின் 'வாம்பியர்' (1932), பார்க் சான்-வூக்கின் கொரியப் படம் 'தர்ஸ்ட்' (2009). கொரிய மொழியிலும் நம்மைப்போல மரியாதைப் படிகள் உண்டு, ஆங்கில சப்டைட்டிலில் எவ்வளவு போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள். ஆனால் அதற்குமுன் ஸ்வீடன் படத்தை மூலக்குரலில், ஒற்றை வேகத்தில், இரவில் ஹெட்ஃபோனோடு இன்னொருமுறை.

மகனுக்கு இதில் எதுவும் வேண்டாம். நீச்சல்குளக் காட்சி பத்து வயதுக்கானதல்ல.

அன்புடன்.

பி.கு.: பூனைகள் பாயும் காட்சியின் கிராஃபிக்ஸ் மட்டமானதுதான். அதைச் சொல்லிக் கடிதம் எழுதப்போகிறவர்களுக்காக முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.