பலகைத் தொட்டியில் பூச்சுதான் உயிர்

கேள்வி: ஐயா, எட்டடி நீளம், மூன்றடி அகலம், நான்கடி உயரத்தில் பிளைவுட்டால் மீன் தொட்டி செய்ய நினைக்கிறேன். முன்பக்கம் மட்டும் கண்ணாடி. 18 மி.மீ. பலகை தாங்குமா?

பதில்: நீளமும் அகலமும் அப்படியே இருக்கட்டும். முழுப் பலகையே எட்டடி நீளம் என்பதால் அடித்தளத்தில் இணைப்பு வராது. உயரத்தை மட்டும் இரண்டரை அடியாகக் குறைத்துவிடுங்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

பக்கச் சுவரைத் தள்ளுவது தண்ணீரின் ஆழம். நான்கடி நிரப்பினால் உங்கள் முன்பக்கத்தின் மீது ஏறத்தாழ 1,800 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். இரண்டரை அடி என்றால் அது 700 கிலோவுக்கு இறங்கிவிடும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் விசையும் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். உயரத்தை இரட்டிப்பாக்கினால் விசை நான்கு மடங்காகும். இன்னொன்று: நான்கடித் தொட்டியின் அடியில் கிடக்கும் ஒரு கல்லை எடுக்கக் கை எட்டாது. மீன்களுக்கும் நீந்த நீளம் வேண்டும். நீரில் ஆக்சிஜன் கலக்க மேற்பரப்பு வேண்டும். உயரத்தால் அவற்றுக்குப் பெரிய லாபமில்லை.

இரண்டரை அடிக்கு 18 மி.மீ. மரைன் பிளைவுட் (நீர் தாங்கும் பசையால் ஒட்டிய பலகை) போதும், மேல் விளிம்பைச் சட்டம் போட்டுக் கட்டியிருந்தால். பலரும் நான்கு பட்டைகளைத் தனித்தனியே அறுத்து மூலைகளில் திருகுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. முழுப் பலகை ஒன்றை எடுத்து, சுற்றிலும் நான்கு அங்குல விளிம்பும் நடுவில் ஒரு குறுக்குப் பட்டையும் விட்டு, இரண்டு சன்னல்களை வெட்டி எடுங்கள். மூலையில் இணைப்பே இல்லாத சட்டம் கிடைக்கும். முன்பக்கம் வெளியே பிதுங்காமல் பிடித்துக்கொள்வது அதுதான்.

இந்த அளவிலும் தொட்டி ஏறத்தாழ 1,700 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே 1.7 டன். வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்கே கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். உங்கள் தொட்டி அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் அழுத்தும். தரைத்தளத்தில், மண்மீது போட்ட கான்கிரீட்டில் வையுங்கள். மாடிதான் வேண்டுமென்றால் முதலில் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பலகைத் தொட்டியின் உள்பக்கம் நீர் புகாமலிருக்க எபாக்ஸி என்ற பிசின் பூச்சைப் பூசினேன். காய்ந்த பிறகு ஊசி முனை அளவில் துளைகள் தெரிகின்றன. மேலே இன்னொரு பூச்சு போட்டால் மூடிவிடுமா?

பதில்: அப்படியே போட்டால் மூடாது. நல்ல வேளை, தண்ணீர் விடும் முன் கேட்டீர்கள். பலகைத் தொட்டிகள் பெரும்பாலும் பாரம் தாங்காமல் கெடுவதில்லை. ஒரு துளை வழியாக நீர் உள்ளே போய், மரம் உப்பி, அடுக்குகள் பிரிந்துதான் கெடுகின்றன. வெளியே ஈரம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

துளைகள் ஏன் வந்தன? மரத்துக்குள் காற்று இருக்கிறது. வெப்பம் ஏறும்போது அது விரிந்து, காயாத பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. காலையில் பூசினால் பகல் முழுக்க இதுதான் நடக்கும். வெப்பம் இறங்கத் தொடங்கும் மாலையில் பூசுங்கள். காற்று சுருங்கி, பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இப்போது செய்ய வேண்டியது இது. காய்ந்த எபாக்ஸியைக் கையால் தடவிப் பாருங்கள். மெழுகு போல வழுக்கினால், மேலே ஒரு படலம் படிந்திருக்கிறது என்று பொருள். அதன்மீது எதுவும் ஒட்டாது. வெறும் தண்ணீரும் தேய்ப்பானும் போதும், கரைந்துவிடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்தப் படலத்தைப் பூச்சுக்குள்ளேயே தேய்த்து ஏற்றுவீர்கள். ஆகவே முதலில் கழுவி, உலரவிட்டு, பளபளப்பு போகும்வரை தேயுங்கள். எபாக்ஸியின் இரு பாகங்களான ரெசினையும் ஹார்டனரையும் தயாரிப்பாளர் சொன்ன எடை விகிதத்தில் தராசில் நிறுத்துக் கலந்து, அதில் நுண்ணிய மரத்தூள் சேர்த்துக் களிம்பாக்கி, துளைகளில் அழுத்திப் பட்டி பாருங்கள். அது இறுகிய பின் முழுப் பூச்சு.

பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத துளை, சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் காட்டும். நிழல் ஒன்றுகூட இல்லாதவரை பூசிக்கொண்டே இருங்கள். மூன்று பூச்சுக்குக் குறைந்து நான் எந்தத் தொட்டியையும் ஒப்புக்கொள்வதில்லை.

உள்மூலைகளைச் செங்கோணமாக விட்டிருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். மூலைகளை வலுப்படுத்த எபாக்ஸியில் ஒட்டும் கண்ணாடியிழைத் துணி, கூரான மூலையில் மடங்காமல் தூக்கி நிற்கும். அதன் அடியில் காற்று தங்கும். அதே களிம்பை மூலையில் வைத்துக் கட்டைவிரலளவு வளைவாக இழுத்து, அதன்மேல் துணியைப் படிய வையுங்கள். வேலை முழுவதும் கையுறை கட்டாயம்.

கேள்வி: எபாக்ஸிக்குப் பதில் சாதாரண எனாமல் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். எனாமல் எப்போதும் நீருக்குள் மூழ்கிக் கிடக்கச் செய்யப்பட்டதல்ல. மீன் உயிரோடு விளையாட்டு கூடாது.

கேள்வி: கண்ணாடியை வெளியிலிருந்து பொருத்துவதா, உள்ளிருந்தா?

பதில்: உள்ளிருந்துதான். நீரின் அழுத்தமே கண்ணாடியை முன்பக்கப் பலகைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும். வெளியிலிருந்து ஒட்டினால் அதே அழுத்தம் பசையைப் பிரிக்கப் பார்க்கும். சுற்றிலும் மூன்று அங்குலமாவது கண்ணாடி சட்டத்தின்மீது படியட்டும். ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான் பசையாகப் பார்த்து வாங்குங்கள். அந்த மருந்து மீனுக்கு ஆகாது. கண்ணாடியை ஓங்கி அழுத்தினால் சிலிக்கான் முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும், 3 மி.மீ. கனத் துண்டுகளை இடையிடையே வைத்தால் அந்த அளவு பசை உள்ளே நிற்கும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட நினைத்தால், சிலிக்கான் அதில் உறுதியாகப் பிடிக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

சிலிக்கான் காற்றின் ஈரத்தால் வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுவது. இவ்வளவு அகலமான ஒட்டில் நடுப்பகுதி இறுக நாளாகும். இரண்டு வாரம் தொடாதீர்கள். பிறகு தொட்டியை அதன் தாங்கியில் ஏற்றி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால்பங்கு கால்பங்காக நீர் விட்டு, ஒவ்வொரு முறையும் ஒருநாள் நிறுத்துங்கள். முன்பக்கத்தின் குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் எவ்வளவு பிதுங்குகிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் குறித்து வையுங்கள். அடிவிளிம்பு நெடுக உலர்ந்த காகிதத்தைச் செருகி வைத்தால் முதல் சொட்டையே அது காட்டிக்கொடுக்கும். கசிந்தால் நீரை இறக்கி, அந்த இடத்தில் பழைய சிலிக்கானை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பழையதன்மீது புதியது ஒட்டாது.