கேமரா உங்கள் வீட்டில், கணக்கு யார் பேரில்?

காரைக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் அவரும் கணவரும் மட்டும்தான். மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். மகன் சொல்லி, உள்ளூர்க் கடை ஒன்றின் மூலம் வாசல், கூடம், கொல்லை என மூன்று இடங்களில் வைஃபை கேமரா மாட்டினார்கள். போன மாதம் வாசல் கேமராவில் படம் வரவில்லை என்று கடைப் பையனுக்குப் போன் செய்தபோது, “இப்ப வருதும்மா, நான் இங்க என் போன்ல பார்த்துட்டுத்தான் இருக்கேன்” என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மாவுக்குக் கூடத்தில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. “பக்கத்து வீட்டுப் பிள்ளை வைஃபை பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறான். மாற்றினால் போதுமா? இல்லை, கேமராவையே கழற்றிவிடட்டுமா?”

போதாது, அம்மா. பாஸ்வேர்டை மாற்றியவுடன் மூன்று கேமராக்களும் நெட் இல்லாமல் நின்றுவிடும். திரும்ப இணைக்க அதே பையனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். அவர் வந்து இணைத்ததும் பழையபடி அவர் போனில் படம் ஓடும்.

ஏனென்றால் அந்தப் பையன் உங்கள் வைஃபைக்குள் நுழைந்து பார்க்கவில்லை. இந்த மாதிரிக் கேமரா தானாகவே நெட் வழியாகத் தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கிறது. எந்தக் கணக்கில் கேமரா பதிவாகியிருக்கிறதோ, அந்தக் கணக்குக்குச் சர்வர் படத்தை அனுப்புகிறது. மாட்டிய அன்று பையன் தன் போனில் ஆப்பைத் திறந்து, கேமராவின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, தன் நம்பரில் பதிந்திருப்பார். அப்புறம் உங்களுக்கும் மகனுக்கும் ‘ஷேர்’ கொடுத்திருப்பார். கொத்தனார் வீட்டைக் கட்டிவிட்டுப் பத்திரத்தைத் தன் பேரில் பதிந்துகொண்டு உங்களிடம் சாவியை மட்டும் கொடுத்தது போலத்தான் இது. காசு கொடுத்தது நீங்கள், உரிமையாளர் அவர்.

அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. பெரியவர்களிடம் ஓடிபி கேட்டு, ஆப்பை இறக்கி, கணக்குத் திறக்க அரை மணி நேரம் ஆகும். தன் போனில் செய்தால் ஐந்து நிமிடத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் ஒரே கணக்கில் ஊரில் பாதி வீடுகளின் கூடமும் படுக்கையறையும் சேர்ந்துகிடக்கின்றன. அந்தப் போன் தொலைந்தால்? அவர் வேலையை விட்டுவிட்டு, அதே போனை வேறு யாரிடமாவது கொடுத்தால்?

முதலில் கூடத்துக் கேமராவின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வாசலும் கொல்லையும் ஓடட்டும். பிறகு உங்கள் போனில் ஆப்பைத் திறந்து கேமராவின் செட்டிங்ஸைப் பாருங்கள். ‘ஷேர்டு’ என்றோ, இன்னாரிடமிருந்து பகிரப்பட்டது என்றோ இருந்தால் உரிமையாளர் நீங்கள் இல்லை. அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பையனை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். திட்ட வேண்டாம். உங்கள் கண்ணெதிரே அவர் தன் ஆப்பிலிருந்து மூன்று கேமராக்களையும் ‘டெலிட்’ செய்ய வேண்டும். அப்புறம் கேமராவில் ரீசெட் பட்டனை அழுத்தி, உங்கள் போனில், உங்கள் நம்பரில், உங்களுக்கு வரும் ஓடிபியை நீங்களே போட்டுப் பதியுங்கள். பாஸ்வேர்டையும் நீங்களே டைப் செய்யுங்கள், அவர் திரும்பி நிற்கட்டும். மகனுக்கு நீங்கள் ஷேர் கொடுங்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவதாக இருந்தால் கேமராவை இணைக்கும் முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

“ரீசெட் பண்ணினாலே போதும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல நிறுவனங்களின் கேமராக்களில், பழைய கணக்கிலிருந்து நீக்காமல் ரீசெட் செய்தால், ‘இந்தக் கேமரா வேறு கணக்கில் உள்ளது’ என்றுதான் வரும். பையன் வர மறுத்தால் வாங்கிய பில்லையும், கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரின் படத்தையும் வைத்து நிறுவனத்தையே கேட்கலாம். அவர்களால் நீக்கிக் கொடுக்க முடியும்.

இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள். தேடினால் மேலே வருவதில் மோசடிக்காரர்கள் போட்டு வைத்த நம்பர்களும் உண்டு. “ஒரு சின்ன ஆப் இறக்குங்க, நாங்களே சரி பண்ணித் தர்றோம்” என்பார்கள். அந்த ஆப்பை இறக்கினால் உங்கள் போன் திரை முழுவதும் அவர்களுக்குத் தெரியும், பேங்க் ஓடிபி உட்பட. நம்பரைப் பெட்டியிலோ ஆப்புக்குள்ளோ பார்த்து மட்டும் எடுங்கள். கேமராக் கணக்கை மாற்றப் பத்து ரூபாய்கூடக் கட்டத் தேவையில்லை. கட்டச் சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

பில் இல்லையா? அது உங்கள் தவறு மட்டும் இல்லை. வெறும் துண்டுச்சீட்டில் ‘கேமரா 3’ என்று எழுதிக் கொடுக்கிற கடைகளை யாரும் கேட்பதில்லை. 2025 ஏப்ரல் முதல் இந்தியச் சந்தைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். கேமராவுக்குள் இருக்கும் சிப் வரை விவரம் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேமராவை மாட்டியவர் யார் பேரில் பதிந்தார் என்று கேட்க ஓர் ஆள் இல்லை. கேஸ் இணைப்புக்குக் கையெழுத்து வாங்குகிறோம், சிம் கார்டுக்கு ஆதார் கேட்கிறோம். வீட்டுக் கூடத்தைக் காட்டும் கருவிக்கு ஒப்படைப்புச் சீட்டு என்று ஒரு காகிதம்கூடக் கிடையாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் டிவி பக்கத்தில் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தால், அதாவது கேமராப் படங்களைப் பதிவு செய்யும் டிவிஆர் இருந்தால், மேலே சொன்னது பாதி வேலைதான். உங்களுடையது வைஃபை கேமரா என்பதால் அநேகமாக இருக்காது. ஆனாலும் பாருங்கள், ஏனென்றால் இதைப் படிக்கும் பலர் வீட்டில் இருக்கும். டிவிஆருக்கு ஆப் கணக்கு ஒரு வாசல். பெட்டிக்கே தனியாக ‘அட்மின்’ என்ற பெயரும் பாஸ்வேர்டும் உண்டு, அது இரண்டாவது வாசல். மாட்டுகிறவர்கள் நினைவு வைக்கச் சுலபம் என்று ஊர் முழுக்க ஒரே பாஸ்வேர்டைப் போட்டுவிடுகிறார்கள். சிலர் தங்களுக்கென்று இன்னொரு யூசரையும் சேர்த்து வைப்பார்கள். வெளியிலிருந்து நேராகப் பார்க்க ரவுட்டரில் ‘போர்ட்’ என்ற வழியைத் திறந்து வைத்திருந்தால் அது மூன்றாவது வாசல். மூன்றையும் அடைக்க வேண்டும்: ஆப் கணக்கு உங்கள் பேருக்கு வர வேண்டும், அட்மின் பாஸ்வேர்டு மாற வேண்டும், தெரியாத யூசர் நீங்க வேண்டும், போர்ட் மூடப்பட வேண்டும். 2016-ல் மிராய் என்ற வைரஸ் நிரல், கம்பெனி போட்ட 60-க்கும் மேற்பட்ட பழைய பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமரா, டிவிஆர், ரவுட்டர்களைப் பிடித்தது. அந்த அக்டோபரில் அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் சில மணி நேரம் முடங்கின. பாஸ்வேர்டை மாற்றாத பெட்டி என்றால் இவ்வளவுதான் அதன் பாதுகாப்பு.

பையன் நீக்க மறுத்தாலோ, பார்த்ததை வைத்து மிரட்டினாலோ, போன் திரையை எடுத்து வைத்த அந்தப் படத்தோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அனுமதியின்றி அடுத்தவர் கருவிக்குள் நுழைவதைப் பிரிவு 43 சொல்கிறது. கெட்ட நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66-ன்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

கழற்றுவதா என்று கேட்டீர்கள். வாசலிலும் கொல்லையிலும் கேமரா இருக்கட்டும், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு அது வேண்டும். கூடத்துக் கேமராவைக் கழற்றிவிடுங்கள். மகன் உங்களைப் பார்க்க வேண்டுமென்றால் வீடியோ காலில் கூப்பிடட்டும்.