கண்ணுக்குள் நீர் கோத்திருக்கிறது என்கிறார்கள். போகும்போதெல்லாம் மூன்று விதப் படம் எடுப்பது எதற்கு? காசு பிடுங்கத்தானே?

கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. உங்களுக்கு வயது 38, இடக்கண்ணில் சென்ட்ரல் சீரஸ் (விழித்திரைக்கு அடியில், நடுவில் நீர் தேங்கும் நோய்), போன முறை மருத்துவர் "டெபாசிட் தெரிகிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த மாதமும் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அதோடு "நைட் முடிந்து தூங்காமல் போய் உட்கார வேண்டியிருக்கிறது" என்று எழுதியிருப்பதால் நீங்களும் ஷிஃப்ட் வேலைதான் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் சிங்கப்பூரில் சாங்கிப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் பதினோரு வருடம் இரவு வேலை பார்த்தவன். மருத்துவன் இல்லை. மருத்துவம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தவறைத் திருத்துங்கள், சண்டைக்கு வராதீர்கள்.

எனக்கு முதலில் தெரிந்தது ஜன்னல் கிரில். ஈசூனில் எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலில் நேராக நிற்க வேண்டிய கம்பி, வலக்கண்ணால் மட்டும் பார்த்தால் நடுவில் உள்பக்கமாக வளைந்தது. பார்வையின் மத்தியில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், ஈரக்கையால் கண்ணாடியைத் தொட்ட தடம் மாதிரி. அந்தக் கண்ணில் எல்லாம் கொஞ்சம் சிறியதாகவும் தெரிந்தது. தூக்கம் கெட்டதால் வந்தது, தானே போகும் என்று விட்டுவிட்டேன். ஐந்து மாதம்.

அப்புறம் பலதுறை மருந்தகத்துக்கு (அரசு பாலிகிளினிக்) போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்கி, கண் மருத்துவரிடம் போனேன். (நேராகத் தனியாரிடம் போய்விடாதீர்கள். கடிதத்தோடு போனால்தான் மானியம்.) எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். "இரண்டு வாரம்" என்றேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வேறென்ன சொல்வது?

மாத்திரை, களிம்பு, மூக்கில் அடிக்கும் மருந்து ஏதாவது உண்டா என்றும் கேட்டார். இல்லை என்றேன். அதுவும் பொய்.

படங்கள் எடுத்தார்கள். வண்ணப் படம் ஒன்று. ஓசிடி ஒன்று, விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஸ்கேன். மூன்றாவது ஆட்டோஃப்ளூரசன்ஸ்: நீல வெளிச்சம் கண்ணுக்குள் பாயும், படம் கறுப்பு வெள்ளையில் வரும். படம் எடுத்த மலேசியத் தமிழ் அக்கா, "அண்ணே, கொஞ்ச நேரம் இமைக்காம பாருங்க" என்று நாலு தடவை சொன்னார். மருத்துவர் மூன்றாவது படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். வட்டத்தின் கீழ் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று பொடி தூவியதுபோல் இருந்தது. என் பக்கம் திரும்பி, "இரண்டு வாரம் என்று நிச்சயமாகச் சொல்கிறீர்களா?" என்றார்.

நீங்கள் கேட்ட டெபாசிட் அதுதான். நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். விழித்திரையில் ஒளியை உணரும் செல்களுக்கு நுனி உண்டு. அந்த நுனி தினமும் கொஞ்சம் உதிரும், புதிதாக வளரும். உதிர்ந்ததைத் தின்று சுத்தம் செய்வது அதற்கு அடியில் ஒட்டியிருக்கும் நிறமி அடுக்கின் வேலை. நம் நோயில், அந்த அடுக்குக்கும் கீழே இருக்கும் கோராய்டு என்ற இரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து நீர் கசிந்து, நிறமி அடுக்கைத் தாண்டி மேலே வந்து நடுவில் தேங்குகிறது. வீவக வீட்டில் (அரசு அடுக்குமாடி வீடு) மேல்மாடிக் கழிவறை கசிந்து நம் கூரையில் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு நிற்குமே, அது மாதிரி. (எங்கள் மேல்வீட்டுக்காரர் கதை தனி. அதை எழுதினால் இந்தப் பதில் முடியாது.) விழித்திரை எழும்பிவிட்டதால் தின்ன வேண்டிய அடுக்குக்கு நுனிகள் எட்டவில்லை. அவை நீண்டுகொண்டே போய், ஓசிடியில் ஆலம் விழுது தொங்குவதுபோல் தெரியும். உதிர்ந்தவை நீரில் மிதந்து, கனத்தால் கீழ்ப்பக்கம் போய்ச் சேரும். அந்தக் குப்பைக்கு நீல வெளிச்சம் பட்டால் தானாக ஒளிரும் குணம் இருக்கிறது. வண்ணப் படத்தில் அதுவே மஞ்சள் புள்ளி.

நீர் புதிதாகக் கோத்திருந்தால் இந்த ஒளிர்வு அதிகம் இருக்காது. மாதங்கள் ஓடினால் கூடும். இன்னும் நாள்பட்டால் நிறமி அடுக்கே செத்து, அந்த இடம் கறுப்பாகிவிடும்; நீர் இறங்கிய வழி கீழ்நோக்கிக் கறுப்புக் கோடாக நிற்கும். ஓசிடி நீரின் உயரத்தைக் காட்டும், ஆனால் எத்தனை நாள் நீர் என்பதை மூன்றாவது படம்தான் போட்டுக்கொடுக்கும். என்னைப் போட்டுக்கொடுத்த மாதிரி. போன மாதப் படமும் இந்த மாதப் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வெள்ளை கூடுகிறதா, கறுப்பாகிறதா என்று மருத்துவரால் பார்க்க முடியும். அதற்குத்தான் மறுபடி மறுபடி எடுக்கிறார்கள். வயதானவர்களுக்கு வரும் மாக்குலா (விழித்திரையின் மையப் பகுதி) சிதைவிலும் மஞ்சள் புள்ளி உண்டு, ட்ரூசன் என்பார்கள். அது நிறமி அடுக்குக்கு அடியில் சேர்வது. இரண்டையும் போட்டுக் குழப்பி யாராவது உங்களைப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

இப்போது பொய்க்கு வருகிறேன். உடன் வேலை பார்த்த நண்பர் மலேசியாவின் ஜோகூரிலிருந்து மூட்டுவலிக்கு ஒரு 'மூலிகை' மாத்திரை வாங்கி வருவார். மூன்று நாளில் முழங்கால் வலி பறந்துவிட்டது, பசி எடுத்தது, முகம் உப்பியது. நல்ல மருந்து என்று நினைத்தேன். உள்ளே ஸ்டீராய்டு கலந்திருந்தால் அப்படித்தான் நடக்குமாம். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த இந்த மாதிரிச் சரக்கைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது, நான் படித்ததில்லை. ஸ்டீராய்டுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு கண் மருத்துவர்களுக்குப் பழைய செய்தி. மாத்திரை மட்டுமல்ல, மூக்கு ஸ்ப்ரே, தோல் களிம்பு, மூட்டில் போடும் ஊசி எல்லாவற்றையும் அவர்கள் கேட்பது அதனால்தான். கடைசியில் மனைவிதான் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். எப்போது எடுத்து வந்தார் என்று இன்றுவரை தெரியாது.

உடனே சிலர் வருவீர்கள்: ஸ்டீராய்டே தொடாதவர்களுக்கும் வருகிறதே என்று. வரும். மன அழுத்தம், தூக்கக்கேடு, கர்ப்பம் என்று பல காரணம் சொல்கிறார்கள்; காரணமே தெரியாமலும் வருகிறது. என் கதையைத்தான் நான் சொல்ல முடியும். இன்னொன்று: இதைப் படித்துவிட்டு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. எனக்கே இரத்தப் பரிசோதனை செய்து, படிப்படியாகத்தான் விடுவித்தார்கள்.

வேறொரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். ஓரிடத்தில் என் கையில் ஒரு தமிழ்த் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள் அல்லவா, அதற்கு 'மாணவர் விரிவாக்கம்' என்று போட்டிருந்தது. பியூப்பில் என்றால் மாணவராம்! நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று நம்முடையது. அச்சுக்குப் போகும் முன் தமிழ் தெரிந்த ஓர் ஆளிடம் காட்ட ஐந்து நிமிடம் ஆகுமா? என் அம்மா அதைப் படித்துவிட்டு, "பள்ளிக்கூடத்துக்கா போகணும்?" என்று கேட்டார்.

சரி, சிகிச்சை. பலருக்கு மூன்று நான்கு மாதத்தில் தானே வற்றிவிடும், அதனால் முதலில் காத்திருக்கச் சொல்வார்கள். எனக்கு ஏற்கெனவே காலம் கடந்திருந்தது. கையில் சாயம் ஏற்றி ஆஞ்சியோகிராம் எடுத்து (அன்று முழுக்கச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள்) கசியும் இடத்தைக் கண்டுபிடித்து, பாதி அளவு மருந்தோடு பிடிடி என்ற ஒளி சிகிச்சை செய்தார்கள். இரண்டு நாள் வெயில் மேலே படக்கூடாது. சிங்கப்பூரில்! முழுக்கை சட்டை, கையுறை, தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு பேருந்தில் ஏறினேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இந்த நோய்க்கு எப்ளரினோன் என்ற மாத்திரை கேளுங்கள் என்று யாராவது சொன்னால், 2020இல் வெளியான விஐசிஐ ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை என்று வந்ததை மருத்துவரிடம் பேசிப் பாருங்கள்.

இரண்டு மாதத்தில் நீர் வற்றியது. வெள்ளைப் பொடி மெல்ல மெல்லத்தான் மங்கியது. கம்பி இன்னும் முழுக்க நிமிரவில்லை. மத்தியில் ஒரு சிறு நெளிவு இருக்கிறது.

அடுத்த முறை போகும்போது முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நாள் கணக்கையும் மருந்துக் கணக்கையும் உள்ளபடி சொல்லுங்கள்.

அந்த ஜோகூர் நண்பரைப் போன வாரம் காப்பிக் கடையில் பார்த்தேன். முழங்கால் பிரமாதமாக இருக்கிறதாம். கண்ணைக் காட்டினாயா என்று கேட்டேன். தே ஓ (பால் இல்லாத தேநீர்) சொல்லட்டுமா என்றார்.