1:180 என்றால் பயப்பட வேண்டுமா, டாக்டர்?

மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்ற மருத்துவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு 28 வயது, தலைப்பிரசவம். 12-வது வாரத்தில் என்.டி. ஸ்கேனும் (குழந்தையின் பிடரியில் உள்ள நீரின் அளவைப் பார்ப்பது) டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் எடுத்தோம். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் ‘டவுன் சிண்ட்ரோம்: ஹை ரிஸ்க், 1:180’ என்று வந்திருக்கிறது. லேபில் விசாரித்தால், ‘இந்த டெஸ்ட் 90 சதவீதம் கண்டுபிடித்துவிடும்’ என்கிறார்கள். அப்படியானால் குழந்தைக்கு அந்தக் குறை இருக்க 90 சதவீதம் வாய்ப்பா? மகள் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. சம்பந்தி வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
– ஒரு தாய், திருவாரூர்

பதில்: இல்லவே இல்லை அம்மா. முதலில் மகளைச் சாப்பிட வையுங்கள். இதே 1:180 ரிப்போர்ட் வாங்கிய 180 பெண்களை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தால், அவர்களில் ஒருவருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவிக் குறை) இருக்கும். மற்ற 179 பேரின் குழந்தைகளுக்கு இருக்காது. சதவீதமாகச் சொன்னால் அரைக்குக் கொஞ்சம் மேல்.

பிறகு ஏன் ‘ஹை ரிஸ்க்’? பல லேப்களில் 1:250-ஐ எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். 1:249 வந்தால் சிவப்பு, 1:251 வந்தால் கறுப்பு. அந்த இரண்டு பெண்களுக்கும் இடையே உண்மையில் எந்த வித்தியாசமும் கிடையாது. கம்ப்யூட்டருக்கு எங்காவது ஒரு கோடு வேண்டும், அவ்வளவுதான்.

லேப்காரர் சொன்ன 90 பொய்யில்லை. ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு எத்தனை பேரை ஸ்கேனும் ரத்தமும் சேர்ந்து பிடிக்கும் என்றால் 85 முதல் 90. நீங்கள் கேட்பது, பிடிபட்டவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே இருக்கிறது என்று. வகுப்பில் இதை இப்படித்தான் போர்டில் எழுதுவேன்: எல்லா வயதிலும் கலந்து 10,000 கர்ப்பிணிகள். ஏறக்குறைய 700-ல் ஒன்று என்று கொண்டால், சுமார் 15 குழந்தைகளுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். டெஸ்ட் அதில் 13-ஐப் பிடிக்கும். மீதி 9,985 பேரிலும் நூற்றுக்கு 5 பேரைத் தவறாகச் சிவப்பில் காட்டும். அது மட்டுமே சுமார் 500. ஆக, சிவப்பு எழுத்து வாங்கியவர்கள் 513 பேர், அவர்களில் 13 பேர்தான் நிஜம். அதாவது, அந்தச் சிவப்புக் கூட்டத்தில் சுமார் 40-க்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் அந்தக் கூட்டத்திலும் பயம் குறைந்த ஓரத்தில்தான் நிற்கிறார்.

அதற்காக ரிப்போர்ட்டைத் தூக்கி பீரோவில் போட்டுவிடாதீர்கள். 28 வயதில், வயதை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. அது 180-ல் ஒன்றாக ஏறியிருக்கிறது. முதலில், படிவத்தில் மகளின் எடையும் கர்ப்ப வாரமும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். அந்த எண்களை வைத்துத்தான் கம்ப்யூட்டர் 180-க்கு வந்தது. வாரம் தவறினால் விடையும் தவறும்.

அது சரியென்றால் அடுத்தது என்.ஐ.பி.டி. தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கர்ப்பத்தின் டி.என்.ஏ. துணுக்குகளைப் பார்க்கும் சோதனை. செலவு கூடுதல். ஆனால் 100-க்கு 99-ஐப் பிடிக்கும், தவறாகக் காட்டுவது ஆயிரத்துக்கு ஒன்று போல. உங்கள் மகளைப் போல 1:180 வாங்கிய 18,000 பேர் இதைச் செய்துகொண்டால், டவுன் சிண்ட்ரோம் உள்ள 100-ல் 99 பிடிபடும். இல்லாதவர்களிலும் 18 பேர் மாட்டுவார்கள். நெகட்டிவ் வந்தால் மீதி இருக்கும் வாய்ப்பு பதினேழாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று, நிம்மதியாகத் தூங்கலாம். பாசிட்டிவ் வந்தாலும் 117-ல் 18 பேர் வீணாக அழுதவர்கள் என்பதால் அதை வைத்து மட்டும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. 15 வாரம் முடிந்தபின் பனிக்குட நீர் எடுத்துப் பார்ப்பதுதான் உறுதி செய்யும். அதனால் கருக்கலையும் ஆபத்து 200-ல் ஒன்றுக்கும் குறைவு.

சம்பந்தி வீட்டில் எப்போது சொல்வது என்பதை மகளும் மருமகனும் முடிவு செய்யட்டும். இன்னொன்று, என்.ஐ.பி.டி. எடுக்கும் இடத்தில் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்டுவைக்காதீர்கள். 1994 சட்டப்படி அது குற்றம்.

கேள்வி: எனக்கு 55 வயது. வருடா வருடம் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்கிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று ‘அப்நார்மல்’ என்று வருகிறதே?
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், ஈரோடு

பதில்: வராவிட்டால்தான் ஆச்சரியம். பெரும்பாலான சோதனைகளில் ‘நார்மல்’ எல்லையே, ஆரோக்கியமானவர்களில் நடுவில் வரும் 95 சதவீதம் பேரை வைத்துப் போட்டதுதான். ஓரத்தில் நிற்கும் 5 சதவீதமும் ஆரோக்கியமானவர்களே. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் என்றால், எல்லாமே நார்மலாக வர வாய்ப்பு 0.95-ஐ 20 தடவை பெருக்கினால் கிடைப்பது: 36 சதவீதம். மீதி 64 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒன்றின் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழும். கொஞ்சமாக எல்லை தாண்டியிருந்தால் டாக்டரிடம் காட்டி, அதை மட்டும் மறுபடி எடுத்துப் பாருங்கள். பேக்கேஜில் ‘கேன்சர் மார்க்கர்’ இலவசம் என்றால் மட்டும் உஷார். புராஸ்டேட் கேன்சருக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ., சாதாரண புராஸ்டேட் வீக்கத்திலும் ஏறும், சிறுநீர்த் தொற்றிலும் ஏறும்.

கேள்வி: இந்தக் கணக்கெல்லாம் டாக்டர்களுக்குத் தெரியுமா?
– பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்

பதில்: நல்ல குறும்பு! 1978-ல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைகளில் டாக்டர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் கேட்டார்கள்: ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோய், ஆரோக்கியமானவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தவறாக பாசிட்டிவ் காட்டும் டெஸ்ட், பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க என்ன வாய்ப்பு? விடை சுமார் 2 சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். அதிகம் பேர் சொன்னது 95 சதவீதம்.

எங்கள் எஸ்.பி.எம். (சமூக மருத்துவம்) வாய்மொழித் தேர்வில் நானும் இதைக் கேட்பதுண்டு. சதவீதத்தில் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். ‘ஆயிரம் பேர் ஓ.பி. வரிசையில் நிற்கிறார்கள்’ என்று ஆரம்பித்தால் விரல் விட்டாவது எண்ணிவிடுவார்கள். கணக்குப் புத்தகத்தில் இந்த வகைக் கணக்குக்கான பேயிஸ் தேற்றம் வரும்போது நீயும் அப்படியே போட்டுப் பார்.