கற்பனை நாட்டில் மழை எங்கே பெய்யும்?

கதைக்கும் கணினி விளையாட்டுக்கும் சொந்தமாக உலகப்படம் வரைகிற வன்னிப் பிள்ளைகளின் கேள்விகள் இவை. கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கும் ஆசிரியை பதில் சொல்கிறார்.

ரீச்சர், கரையை வரைந்துவிட்டேன். மலைகளை எங்கே போடுவது? (வவுனியா)

கரையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் தம்பி, முதலில் புவித்தகடுகள், அதாவது நிலத்தையும் கடலடியையும் சுமந்து மெல்ல நகர்கிற பெரிய பாறைத் துண்டுகள். பென்சிலால் ஏழெட்டுத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். இரண்டு கண்டங்கள் முட்டுகிற இடத்தில் இமயம் மாதிரி உயரமான, அகலமான மலை வரும்; அங்கே எரிமலைகளை அடுக்க வேண்டாம். கடற்தகடு கண்டத்துக்கு அடியில் புகுந்தால் கரையோரம் நெடுக அந்தீஸ் போல மலைத்தொடர், எரிமலைகள், கடலுக்குள் ஆழமான அகழி. விலகுகிற இடத்தில் கிழக்கு ஆபிரிக்காவில் உள்ளது போன்ற பிளவுப் பள்ளத்தாக்கு. இந்தியா ஆசியாவை முட்டத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி வருசம் ஆகிறது, இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. உங்கள் மலைக்கும் ஒரு வயது கொடுங்கள். கிழடான மலை தேய்ந்து தாழ்ந்திருக்கும்.

இலங்கை தகட்டு விளிம்பில் இல்லை என்று படித்தோம். பிறகு 2004இல் எப்படி? என் கதையில் ஒரு கரையூருக்குச் சுனாமி வைக்கலாமா? (முல்லைத்தீவு)

வைக்கலாம் பிள்ளை. நிலம் அதிர்ந்தது இங்கே இல்லை, சுமாத்திராவுக்கு அப்பால், இந்தியத் தகடு கீழே புகுகிற இடத்தில். அளவு 9.1. அலை எங்கள் கிழக்குக் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணிநேரம் எடுத்தது. ஆகவே ஊரில் ஒரு சட்டி பானை ஆடியிருக்கத் தேவையில்லை. எங்கோ ஒரு அகழியும் இடையில் திறந்த கடலும் இருந்தால் போதும். அந்த இரண்டு மணிநேரத்தையும் எழுதுங்கள். அப்போது இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. ஓடித் தப்ப நேரம் இருந்தும் சனத்துக்குத் தெரியாமல் போனது, அதை எழுதாமல் விடக்கூடாது.

மலைக்குப் பக்கத்தில் பாலைவனம் வைத்தேன். பிழை என்கிறான் நண்பன். (மாங்குளம்)

எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் சோளகக் காற்றையே பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து ஈரத்தோடுதான் வருகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது வெக்கையாக, காய்ந்துபோய் இறங்குகிறது. வன்னிக்கோ அது மலை ஏறாமல் தட்டை நிலத்தின் மேல் நேரே வருகிறது. தூக்கிவிட எதுவும் இல்லாததால் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விடுகிறது. கடல் பக்கத்தில் இருந்தாலே மழை என்று நினைப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். காற்று மேலே எழும்ப ஒரு காரணம் வேண்டும். எங்களுக்கு அந்தக் காரணம் மாரியில் வருகிறது: வாடைக்காற்றும் வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களும். இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவு திறப்பதும், காலபோக நெல் விளைவதும் அந்தச் சில மாத மழையால்தான்.

அப்புறம் அகலாங்கை, அதாவது நடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை என்பதைப் பாருங்கள். 30 பாகைக்கு அண்டிய இடங்களில் காற்று மேலிருந்து கீழே இறங்கும். சகாரா, அரேபியா, அவுஸ்திரேலியப் பாலைவனங்கள் அங்கேதான். அதற்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும், ஆகவே மலையின் மேற்குப் பக்கம் காயும். 40, 50 பாகையில் மேற்கிலிருந்து வரும். அங்கே காய்வது கிழக்குப் பக்கம், தென் அமெரிக்காவின் தெற்கிலுள்ள பட்டகோனியா போல.

கிரகம் எதிர்ப்பக்கமாகச் சுழன்றால்? (மன்னார்)

சூரியன் மேற்கில் உதிக்கும். மேலே சொன்ன கிழக்கு, மேற்கு எல்லாவற்றையும் மாற்றிப் போடுங்கள், சரி.

ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு ஆறு ஓடலாமா? (புதுக்குடியிருப்பு)

ஓடாது. ஆறு உயரத்தில் பிறந்து, போகப்போகக் கிளைகளைச் சேர்த்துக்கொண்டு போகும். பிரிவது பெரும்பாலும் கழிமுகத்தில். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கி வடக்கே இரணைமடுவுக்கு வந்து, சுண்டிக்குளம் நீரேரியில் முடிகிறது. கோடையில் வற்றுகிற ஆறென்றால் உங்கள் அரசர்களைக் குளம் கட்ட வையுங்கள். ஊர்களையும் வயல்களையும் அணைக்கட்டுக்குக் கீழே வையுங்கள்.

இதையெல்லாம் ஒரே படத்தில் எப்படிக் காட்டுவது? (கிளிநொச்சி)

ஒரே படம் வேண்டாம். மெல்லிய தாளில் ஜனவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று காற்றும் மழையும் வரைந்து, ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். நடுக்கோட்டுக்குக் கிட்ட இரண்டிலும் மழை விழுந்த இடம் அடர்காடு. ஒன்றில் மட்டும் விழுந்தால் எங்களைப் போலப் பாலை மரமும் வீரை மரமும் நிற்கிற வரண்ட காடு. இரண்டிலும் விழாத இடத்தில் பாலைவனத்தை வரையுங்கள்.