கோட்டையும் குறுஞ்சாலையும்: ஸ்காட்லாந்து கார் பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

செப்டம்பரில் நானும் மனைவியும் எட்டு நாள் ஸ்காட்லாந்து போகிறோம். கார் எடுத்துக்கொண்டு பதினான்கு கோட்டைகள் பார்க்கத் திட்டம். முடியுமா?
– கோவை வாசகர்

முடியும். ஆனால் பாதிக்கு மேல் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள். பதினான்கை ஏழாக்குங்கள். வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். மலைநாட்டுச் சாலை அப்படி விடாது. ஃபோர்ட் வில்லியமிலிருந்து எய்லியன் டோனன் கோட்டைக்குச் சுமார் 108 கிலோமீட்டர். செல்போன் ஒன்றரை மணி நேரம் என்று காட்டும். ஏரி தெரியும் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தத் தோன்றும், முன்னே ஒரு கேரவன் ஊர்ந்துகொண்டிருக்கும். இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஸ்டியரிங் பிடிப்பது நான்கு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

எட்டு நாளை இப்படிப் பிரிக்கலாம். முதல் இரண்டு நாள் எடின்பரோ. அங்கே கார் தேவையே இல்லை, பார்க்கிங் செலவுதான் மிச்சம். மூன்றாம் நாள் காலை டிராமில் விமான நிலையம் போய் அங்கே வண்டியை எடுத்தால் நகர நெரிசலில் மாட்ட மாட்டீர்கள். அன்று ஸ்டர்லிங் கோட்டை, மதியத்துக்கு மேல் அருகிலுள்ள டூன் கோட்டை, இரவு காலண்டர் என்ற ஊரில். நான்காம் நாள் கிளென்கோ பள்ளத்தாக்கு வழியாக ஃபோர்ட் வில்லியம். ஐந்தாம் நாள் எய்லியன் டோனன் பார்த்துவிட்டுப் பாலத்தைத் தாண்டி ஸ்கை தீவு, அங்கே இரண்டு இரவு. ஆறாம் நாள் டன்வேகன் கோட்டை. ஏழாம் நாள் லாக் நெஸ் ஏரிக்கரையிலுள்ள அர்க்கார்ட் கோட்டை, இரவு இன்வர்னெஸ். எட்டாம் நாள் ஏ9 சாலையில் பிளேர் கோட்டையில் நின்று எடின்பரோ திரும்பலாம். எடின்பரோவையும் சேர்த்தால் ஏழு கோட்டைகள். அதற்கு மேல் சேர்த்தால் கல்லும் படியும்தான் நினைவில் நிற்கும், எது எந்தக் கோட்டை என்பது நிற்காது.

ஏ9 சாலையில் டன்பிளேன் முதல் இன்வர்னெஸ் வரை சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள் உண்டு. கேமரா தெரிந்ததும் பிரேக் போடுவது அங்கே பலிக்காது. இரண்டு கேமராக்களுக்கு இடையே எடுத்துக்கொண்ட நேரத்தைத்தான் கணக்கிடுகிறது.

ஒரே ஒரு வண்டி மட்டும் போகும் சாலைகள் அங்கே நிறைய என்கிறார்கள். எதிரே வண்டி வந்தால் என்ன செய்வது?
– திருச்சி வாசகி

இதைத் தெரிந்துகொண்டு போவது மிக முக்கியம். அங்கே இவற்றை சிங்கிள் டிராக் சாலை என்பார்கள். சாலையின் அகலமே ஒரு வண்டிக்குத்தான், போக்குவரத்தோ இரண்டு பக்கமும். கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை சாலை ஒரு பக்கம் வயிறு தள்ளியதுபோல் அகன்றிருக்கும். அதுதான் பாஸிங் பிளேஸ். ஒரு கம்பத்தில் வெள்ளைப் பலகை இருக்கும்.

அந்த அகலம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்கி நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் போகக் கூடாது. அதற்கு நேர் எதிரே உங்கள் பக்கத்திலேயே நின்றால் எதிர் வண்டி அதற்குள் நுழைந்து உங்களைக் கடக்கும். பலரும் தவறு செய்வது இங்கேதான். வலப்பக்கம் காலி இடம் தெரிந்ததும் ஸ்டியரிங்கை அங்கே திருப்பிவிடுகிறார்கள். எதிரே வருபவரும் அதே இடத்துக்கு வர, மூக்கோடு மூக்கு நிற்க வேண்டியதாகிறது.

பார்வையை நூறு, இருநூறு மீட்டர் முன்னால் வைத்து அடுத்த வெள்ளைப் பலகையைத் தேடிக்கொண்டே ஓட்டுங்கள். யாருக்கு ஒதுங்கிடம் பக்கமோ அவர் நிற்பதும் தேவைப்பட்டால் பின்னால் எடுப்பதும் வழக்கம். மேட்டில் ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழி விடுவார்.

ஹெட்லைட் விஷயத்தில் நம் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். நம் சாலைகளில் எதிரே வருபவர் லைட்டை அடித்தால் 'நான் வர்றேன், ஒதுங்கு' என்று அர்த்தம். அங்கே பெரும்பாலும் 'நீங்க வாங்க' என்று அர்த்தம். அப்போதும் அந்த வண்டி நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே நகருங்கள். கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையாவது உயர்த்துவது அங்கே நன்றி சொல்லும் முறை.

பின்னால் உள்ளூர் வண்டி ஒட்டி வந்தால் அடுத்த ஒதுங்கிடத்தில் அவரைப் போக விடுங்கள். மருத்துவர், ஆம்புலன்ஸ், பள்ளி வண்டி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சாலைதான். அதனால் படம் எடுக்க ஒதுங்கிடத்தில் வண்டியை நிறுத்தவே கூடாது.

இன்னொன்று: பதற்றத்தில் சாலையோரப் புல்லில் சக்கரத்தை இறக்காதீர்கள். மேலே பச்சையாக இருக்கும், அடியில் ஊறிய சேறு, சில இடத்தில் மறைந்த வாய்க்கால். தார் விளிம்பில் டயரின் பக்கச்சுவர் உரசிக் கிழிந்தால் ஒட்டுப் போட முடியாது. வாடகைக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியும் இருப்பதில்லை, ஓட்டையை நுரையால் அடைக்கும் குப்பிதான் இருக்கும். பக்கச்சுவர் கிழிசலுக்கு அது உதவாது.

வாடகைக் கார் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? இந்திய லைசென்ஸ் செல்லுமா?
– சென்னை வாசகர்

சுற்றுலாவாகப் போகிறவர் செல்லுபடியாகும் இந்திய லைசென்ஸுடன் பன்னிரண்டு மாதம் வரை அங்கே கார் ஓட்டலாம். ஆனாலும் சில வாடகை நிறுவனங்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கேட்கும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டு ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவர் ஓட்ட, கார்டு மனைவி பெயரில் இருந்தால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். இருவரும் ஓட்டுவதென்றால் இரண்டு பெயரையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்.

அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அது நமக்குப் பெரிய நிம்மதி. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்பே பதியுங்கள். காப்பீட்டில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரணத் திட்டத்தில் இவை பெரும்பாலும் இருக்காது, மலைச் சாலையில் அடிபடுவதோ இவைதான்.

பெட்ரோல் பங்கில் பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்புக் குழாய் டீசல். மாற்றிப் போட்டுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். எஞ்சின் ஓடாத வரை டேங்கைக் காலி செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விஸ்கி ஆலைக்குப் போனால் ஓட்டுபவர் சுவை பார்க்கவே வேண்டாம். 2014 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தில் ஓட்டுபவருக்கான மது வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80. பல ஆலைகளில் ஓட்டுநரின் பங்கைச் சிறு புட்டியில் அடைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

எல்லாக் கோட்டைக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டா?
– லண்டன் வாசகி

இல்லை. கோட்டை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எடின்பரோ, ஸ்டர்லிங், டூன், அர்க்கார்ட் நான்கும் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு சார்ந்த அமைப்பின் பொறுப்பில். அவர்களின் எக்ஸ்ப்ளோரர் பாஸ் இந்த நான்குக்கும் செல்லும். பாஸ் இருந்தாலும் எடின்பரோவுக்கு நேரத்தைத் தனியாகப் பதிய வேண்டும். இதைத் தவறவிட்டு வாசலில் நிற்பவர்கள் உண்டு. எய்லியன் டோனன் ஓர் அறக்கட்டளையிடம், டன்வேகன் மக்லவுட் குடும்பத்திடம் இருக்கிறது. அங்கெல்லாம் தனி டிக்கெட். இப்படிப்பட்ட வீட்டுக் கோட்டைகள் பல குளிர்காலத்தில் மூடிவிடும். பழைய சிதிலங்களிலும் கற்கள் உதிர்கிறதா என்று சோதிக்கத் திடீரென அடைப்பார்கள். முந்தின இரவு இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எய்லியன் டோனனுக்கு ஒரு குறிப்பு. 1719இல் அரச கடற்படைக் கப்பல்கள் அதைத் தகர்த்தன. ஏறக்குறைய இருநூறு ஆண்டு இடிபாடாகவே கிடந்தது. இன்று நாம் பார்ப்பது 20ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில் எழுப்பி 1932இல் முடித்த கட்டடம். அதனால் உள்ளே பழமையைத் தேடுவதைவிட வெளியே நின்று பார்ப்பதே நிறைவு. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போக வேண்டும். அப்போது கோட்டை தண்ணீரில் மிதக்கும். வற்றிய நேரத்தில் சுற்றிலும் பாசியும் சேறும்தான். கோட்டை இருக்கும் டார்னி ஊருக்கான கடல் ஏற்ற நேரத்தை இணையத்தில் பார்த்து அன்றைய கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

மனைவிக்கு மூட்டு வலி. எந்தக் கோட்டையைத் தவிர்க்கலாம்?
– மதுரை வாசகர்

ஸ்டோன்ஹேவன் அருகே கடல் பாறைமேல் நிற்கும் டன்னட்டரைத் தவிர்த்துவிடுங்கள். செங்குத்தாக இறங்கி மறுபடி ஏற வேண்டும், சுமார் இருநூறு படிகள். அதற்குப் பதில் மேலே பாறை விளிம்பிலிருந்தே முழுக் கோட்டையும் தெரியும். ஸ்டர்லிங் அருகிலுள்ள வாலஸ் நினைவுக் கோபுரத்தில் 246 படிகள், குறுகலான சுழல் படி. டூனிலும் சுழல் படி உண்டு, முற்றத்தோடு திரும்பிவிடலாம். எடின்பரோவில் கருங்கல் பாவிய ஏற்றம். நடக்கச் சிரமப்படுபவர்களை மேலே கொண்டுபோக ஒரு வண்டி இருக்கிறது, வாசலில் கேளுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா? பூச்சித் தொல்லை என்கிறார்களே?
– கும்பகோணம் வாசகி

ஹாகிஸ் என்பது ஆட்டு ஈரல், இதயம், நுரையீரல் சேர்ந்தது. பருப்பும் ஓட்ஸும் வைத்த சைவ ஹாகிஸும் பரவலாகக் கிடைக்கிறது. பருப்பு சூப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பன்றித் தொடை எலும்பில் வேகவைப்பது அங்கே வழக்கம், எதில் வேகவைத்தது என்று கேளுங்கள். கிராமத்து உணவகங்களில் இரவு எட்டு, எட்டரைக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஸ்கை தீவில் இரவு உணவுக்கும் மேசை பதிய வேண்டும். ரொட்டியும் பழமும் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும்.

மிட்ஜ் என்ற பொடிக் கடி ஈக்கள் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, மேற்குக் கரையில் அதிகம். காலையும் மாலையும் காற்று அசையாத நேரத்தில் மொய்க்கும். லேசான காற்று வீசினாலே பறக்க முடியாமல் மறைந்துவிடும். அதனால் ஏரிக்கரையில் உட்காரும்போது மரத்தடி வேண்டாம், காற்று படும் மேட்டில் உட்காருங்கள். வெளிர்நிற முழுக்கைச் சட்டை போடுங்கள். தலைவலை ஒன்று அங்குள்ள கடைகளில் கிடைக்கும், தொப்பிக்கு மேல் போட்டுக்கொள்ளலாம்.