கை பழகிய தொழிலும் கார் பாலிஷும்: வாசகர் கேள்வி-பதில்

காரைக் கழுவித் துடைத்துப் பாலிஷ் போடுவதை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் குமரி மாவட்ட வாசகர்களிடம், கேள்வியோடு பார்க்கும் தொழிலையும் எழுதச் சொல்லியிருந்தோம். தொழில் தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். வண்டியில் ஒட்டும் அழுக்கு அங்கிருந்துதான் வருகிறது. பாலிஷ் போடும்போது கை செய்யும் தப்பும் பெரும்பாலும் அங்கே பழகியதுதான்.

கே: ரப்பர் பால்வெட்டு எங்கள் தொழில். ஷீட்டும் ஒட்டுப்பாலும் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய பால்) காரின் டிக்கியில்தான் போகும். பின்கதவிலும் பம்பரிலும் பால் சொட்டிக் காய்ந்து கிடக்கிறது. பிளேடால் சுரண்டலாமா?
— சிறு ரப்பர் விவசாயி, குலசேகரம்

ப: பிளேடு வேண்டாம். பால் ஈரமாக இருக்கும்போது தண்ணீரே போதும். காய்ந்த பிறகு அது ரப்பர் தோல். ஷாம்பூ கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து அதன்மேல் 5 நிமிடம் போட்டுவையுங்கள். பிறகு ஓரத்திலிருந்து கட்டைவிரலால் உருட்டினால் பெரும்பகுதி திரண்டு வந்துவிடும். தடிப்பாக இருக்கும் இடத்துக்கு மட்டும் தார் நீக்கும் திரவம் அல்லது மண்ணெண்ணெய். இரண்டுமே ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். உப்பினால் பிடி விட்டுவிடும். துணியில் தொட்டு ஒரு நிமிடம் ஒத்திவைத்து, தேய்க்காமல் எடுங்கள். உடனே ஷாம்பூ போட்டுக் கழுவிவிடவேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த பம்பர் என்றால் ஒரு மாதமாவது கழியாமல் இதைச் செய்யாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். பால் உறைய ஊற்றும் பார்மிக் ஆசிட் கேனும் அதே டிக்கியில்தானே போகிறது? பாலைவிட அதுதான் ஆபத்து. மூடி கசிந்தால் குரோம், அலாய் வீல், டிக்கியின் அடித்தகடு எல்லாவற்றையும் அரிக்கும். கேனை ஓர் அகலமான பிளாஸ்டிக் வாளிக்குள் நிறுத்திக் கொண்டுபோங்கள். சிந்திவிட்டால் கையுறை போட்டுக்கொண்டு, கதவுகளைத் திறந்துவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்றுங்கள். நுரை அடங்கும்வரை ஊற்றி, பிறகு நல்ல தண்ணீர்.

ஒட்டுப்பால் நாற்றத்துக்கு சென்ட் தொங்கவிட்டுப் பயனில்லை. பாலின் புரதம் அழுகுவதால் வரும் வாடை அது. கார்ப்பெட்டைக் கழற்றி ஷாம்பூ போட்டு அலசி, மின்விசிறியின் கீழ் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அரைகுறையாகக் காய்ந்த கார்ப்பெட்டைப் போட்டு மூடினால், பால் வாடை போய்ப் பூஞ்சை வாடை வரும்.

கே: ஃபைபர் வள்ளம் பழுது பார்ப்பவன் நான். 400, 800 வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்த்து, பிறகு பாலிஷ் பிடித்தால் வள்ளம் கண்ணாடிபோல வரும். காரிலும் கீறல்களை அப்படி எடுக்கலாம்தானே?
— குளச்சல் வாசகர்

ப: கூடாது. கை அதே கைதான். தேய்ப்பதற்கு அங்கே இருக்கும் தடிப்பு இங்கே இல்லை. வள்ளத்தின் மேலிருக்கும் ஜெல்கோட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான். காரில் பிரைமர், நிறம், அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட் மூன்றும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் நீங்கள் தேய்க்கப்போகும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். பத்தில் ஒரு பங்கு! 800 பேப்பர் போடும் கோடுகளை எடுக்க 1500, 2000, 3000 என்று மேலும் மேலும் நைசான பேப்பருக்கு வருவதற்குள் கிளியரில் பெரும்பகுதி தூளாகப் போயிருக்கும். அன்றைக்குப் பளபளக்கும். மெலிந்த கிளியர் வெயில் தாங்காது. நாளாவட்டத்தில் பானட்டிலும் கூரையிலும் வெளுத்து உரிய ஆரம்பிக்கும்.

சுழல் கீறல்களுக்கு வாட்டர் பேப்பரே தேவையில்லை. காம்பவுண்டும் (கீறலைத் தேய்த்தெடுக்கும் பாலிஷ் பசை) டிஏ மெஷினும் (பேட் சுழன்றுகொண்டே ஆடும் பாலிஷ் மெஷின்) போதும். பெயின்ட் வழிந்து நிற்பதுபோல ஒரே ஓர் இடத்தில் குறை இருந்தால் மட்டும் 3000 பேப்பர். பேப்பரை ஊறவைத்து, சோப்புநீர் விட்டு, பத்துப் பன்னிரண்டு இழுப்பு இழுத்து, துடைத்துப் பாருங்கள். நகத்தில் தட்டும் கீறலை முழுதாக எடுக்கப் பார்க்காதீர்கள். விளிம்பை மழுக்கினாலே கண்ணுக்குப் படாது.

உங்கள் தொழிலில் இன்னும் இரண்டு பொருள்கள் காருக்கு ஆகாதவை. பிரஷ் கழுவும் அசிட்டோன் ஹெட்லைட்டின் பாலிகார்பனேட்டில் பட்டால் உள்ளுக்குள் மயிரிழை விரிசல்கள் ஓடும், பாலிஷில் போகாது. இன்னொன்று, சட்டையில் ஒட்டிவரும் கண்ணாடி நார்த் தூள். அது சீட்டுக்கு வந்து, சீட்டிலிருந்து மைக்ரோஃபைபர் துணிக்கு வந்து, அங்கிருந்து பெயின்டுக்குப் போகும். உள்ளே துடைத்த துணி வெளியே வரக்கூடாது. கூடவே ஒன்று: ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் ஒரே பெட்டியில் வைத்துக் காரில் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும்.

கடற்கரையில் நிற்கும் வண்டிக்கு உப்புதான் முதல் எதிரி. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறையாவது சக்கர வளைவுகளையும் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் இரண்டு மூன்று நீர் வடியும் துளைகள் இருக்கும். மணலும் அழுக்கும் அவற்றை அடைத்தால் தண்ணீர் கதவுக்குள்ளேயே நின்று, உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது தகடு போயிருக்கும். கேபிள் டை ஒன்றை நுழைத்து மாதம் ஒருமுறை கிளறிவிடுங்கள். அடியில் டீசலோ கழிவு ஆயிலோ அடிப்பவர்கள் உண்டு. அது சஸ்பென்ஷன் புஷ்களின் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், மணலையும் ஒட்டவைத்துக்கொள்ளும்.

கே: கோயில் நகை செய்கிறோம். பட்டறையில் இருக்கும் பாலிஷ் மோட்டாரின் சக்கரத்தை டிரில்லில் மாட்டி, ரூஜ் கட்டியும் சேர்த்துக் காரில் முயன்றேன். பானட் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வடு விழுந்துவிட்டது. ஏன்?
— பொற்கொல்லர், வடசேரி

ப: சூடுதான் காரணம். தங்கமும் வெள்ளியும் சூட்டை உடனே பரத்திவிடும். கிளியர் கோட் பிளாஸ்டிக் வகை. பட்ட சூடு பட்ட இடத்திலேயே நிற்கும். அதிலும் ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். ரூஜ் என்பது மெழுகில் பிடித்த இரும்பு ஆக்சைடு. அது காருக்கானதல்ல, கார் காம்பவுண்டுகளில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. அந்த வடு எரிந்த கிளியராக இருந்தால் பாலிஷில் திரும்பாது. அந்த பேனலுக்குப் பெயின்ட்தான்.

டிஏ மெஷின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பேட் சுழன்றுகொண்டே ஆடுவதால் சூடு ஓரிடத்தில் சேராது. பேட் பிடிக்கும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரியவேண்டும். நின்றுவிட்டால் நீங்கள் அதிகம் அழுத்துகிறீர்கள் என்று பொருள். அப்போது மெஷின் ஆடும், வெட்டாது. 45 செ.மீ. சதுரம், நான்கு சொட்டு காம்பவுண்ட், வேகம் 4, பாதிக்குப் பாதி மேலேறும்படி நான்கைந்து நடை. ஓரங்களில் மாஸ்கிங் டேப். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடை நைலான் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். அழுக்குப் பேட் வெட்டாது, சுடும். மற்றபடி, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துக் கீறலைத் தேடும் கண் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு அதுதான் கடைசியில் வரும்.

கே: தேனீ வளர்ப்பு. ரப்பர்த் தோட்டத்தில் பெட்டி வைக்கும் மாதங்களில் வெள்ளைக் கார் முழுக்க மஞ்சள் பொட்டு. மகரந்தமா? இன்னொன்று: வீட்டில் கிடக்கும் தேன்மெழுகைக் காருக்குப் போடலாமா?
— மார்த்தாண்டம் வாசகர்

ப: தேனீயின் எச்சம் அது. செரிக்காத மகரந்த ஓடுகள் அதில் இருப்பதால் மகரந்தம் என்றே தோன்றும். விரலில் மெழுகுபோல வழுக்கும். வெயிலில் சுட்டுவிட்டால் கிளியரில் தழும்பு விழும். காய்ந்ததைத் தேய்க்காமல், வெந்நீரில் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்து எடுங்கள். போகாவிட்டால் இன்னொரு முறை. கையில் தாங்கும் சூடு போதும்.

தேன்மெழுகு வேண்டாம். அது உருகுவது 62 முதல் 64 டிகிரியில். நண்பகல் வெயிலில் கறுப்புக் காரின் பானட் அந்தச் சூட்டை எட்டும். இளகி, பிசுபிசுத்து, தூசியை வாரிக்கொள்ளும். கார் மெழுகில் இருக்கும் கர்னாபா பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையில் கிடைப்பது. 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். உங்கள் மெழுகைச் செருப்புத் தோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அருமையாக இருக்கும்.

கே: கடலோரமாக ஆட்டோ ஸ்டாண்டில் வண்டி நிற்கிறது. தினமும் கருமணல் படிகிறது. தட்டினால் கோடு விழுகிறது.
— ஓட்டுநர், மணவாளக்குறிச்சி

ப: விழத்தான் செய்யும். அந்த மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் சிர்க்கானும் இருக்கின்றன. கார்னெட்டை உப்புத்தாள் செய்யவே பயன்படுத்துகிறார்கள்! உலர்ந்த துணியாலோ டஸ்டராலோ தொடவே தொடாதீர்கள். முதலில் தண்ணீரால் மேலிருந்து கீழாக ஓட்டிவிட்டு, பிறகு ஷாம்பூ. வாளி இரண்டு: ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் அலசும் தண்ணீர். அலசும் வாளியின் அடியில் கறுப்பாக மணல் தங்குவதைப் பார்த்தால் ஒரே வாளி போதும் என்று இனி சொல்லமாட்டீர்கள்.

கே: கல்யாணக் கார்களுக்குப் பூ அலங்காரம் செய்கிறேன். டேப் ஒட்டிய தடம் போகவில்லை என்று கார்க்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.
— தோவாளை வாசகர்

ப: செலோ டேப்பை நேரடியாகப் பெயின்டில் ஒட்டாதீர்கள். துடைத்து உலர்ந்த இடத்தில் முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் உங்கள் டேப். பந்தல் பிரிப்பதற்கு முன் கார் அலங்காரத்தைப் பிரித்துவிடுங்கள். ஒரு பகல் வெயில் பட்டால் பசை இறுகிவிடும். ஒட்டிப்போன பசைக்குத் தேங்காயெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, ஷாம்பூ. சக்கை (பலாப்பழம்) வெட்டும்போது கைப்பிசினுக்குச் செய்கிற அதே வைத்தியம்தான்.

கே: அரசுப் பள்ளி ஆசிரியர். பக்கத்து வீட்டார் கார்களுக்கும் பாலிஷ் போட்டுத் தருகிறேன். காசு வாங்கலாமா?
— தக்கலை வாசகர்

ப: முன் அனுமதி இல்லாமல் வாங்காதீர்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 தனியார் வியாபாரத்துக்கு அனுமதி கேட்கச் சொல்கின்றன. சும்மா செய்துகொடுத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் தெருவே வரிசையில் வந்து நிற்கும்.

கே: தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மாதத்தில் நான்கு ஞாயிறும் யாராவது கார் கொண்டுவருகிறார்கள். வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கலாமா?
— நாகர்கோவில் வாசகர்

ப: கணக்கர் என்பதால் கணக்காகவே பார்ப்போம். ஒரு சின்னக் காரில், பொற்கொல்லருக்குச் சொன்ன 45 செ.மீ. அளவில் சுமார் 45 முதல் 50 சதுரம் வரும். சதுரத்துக்கு 5 நிமிடம் என்றால் பாலிஷுக்கு மட்டும் 4 மணி நேரம். கழுவி உலர்த்த ஒன்றேகால் மணி, இரும்புத்தூள் நீக்கி, பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி தேய்க்க ஒரு மணி, டேப் ஒட்ட அரை மணி, கடைசித் துடைப்புக்கும் வேக்ஸுக்கும் ஒரு மணி. ஆக ஒரு கார், ஒரு ஆள், ஒரு முழு நாள். இது ஒரே கட்டப் பாலிஷ். இரண்டு கட்டம் என்றால் இரண்டு நாள்.

மாதம் 12 கார், காருக்கு 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: 54,000. காம்பவுண்ட், பேட், துணி, ஷாம்பூ எல்லாம் காருக்கு 700 என்றால் 8,400. ஷெட் வாடகையும் மின்சாரமும் 12,000. மிச்சம் 33,600. வீட்டு மின் இணைப்பில் தொழில் செய்யக்கூடாது. வணிக இணைப்புக் கட்டணம் வேறு. பன்னிரண்டில் ஒரு காராவது 'இங்கே ஒரு கோடு தெரிகிறதே' என்று திரும்பி வரும். அந்த நாளுக்குக் கூலி கிடையாது. எங்கள் ரூபாய்களை அழித்துவிட்டு உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், ஆனால் அந்த 12 என்ற எண்ணை மட்டும் ஏற்றாதீர்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. திறந்த முற்றத்தில் இந்தத் தொழில் நடக்காது. மூன்று பக்கம் மறைத்த ஷெட், இரண்டு பக்கமிருந்து விளக்கு, எண்ணெயும் மணலும் தங்கும் தொட்டியோடு கூடிய வடிகால் வேண்டும்.

பெயின்டின்மேல் பூசி இறுகவிடும் செராமிக் கோட்டிங்கில்தான் பணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஈரக்காற்றில் அது சீக்கிரம் இறுகும். அரை மீட்டர் சதுரமாகப் பூசி, வானவில் போலத் தெரிந்ததும் துடைக்கவேண்டும். தாமதித்தால் மேடு கட்டி நிற்கும். திரும்பவும் பாலிஷ் போட்டுத்தான் எடுக்கமுடியும். பூசியபின் குறைந்தது ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது என்பதால், அந்தக் காருக்கு ஷெட்டில் இரவுத் தங்கலும் உண்டு. நிலையான வருமானம் மாதக் கட்டணத்துக்குக் கழுவும் 15, 20 கார்களிலும் உள்சுத்தத்திலும்தான் இருக்கிறது. அவை முதலில் சேரட்டும். அதுவரை ஞாயிறோடு சனியையும் சேர்த்துக்கொண்டு ஓட்டுங்கள். செலவு கழிக்காத ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம்.

சாவியை வாங்குவதற்கு முன் காரைக் கழுவி, உரிமையாளர் எதிரிலேயே நான்கு பக்கமும் படம் எடுங்கள். பெயின்ட் தடிப்பை அளக்கும் மீட்டரை ஒவ்வொரு பேனலிலும் வையுங்கள். 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால் மறுபெயின்ட் ஆகியிருக்கும். 500, 1000 என்று எகிறினால் உள்ளே பட்டி. அதை ரசீதில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு மெஷினை எடுங்கள்.